டாக்டர் பெட்டிங்கில் இன்னும் பேசி முடிக்கவில்லை

எங்கள் டிங்லியில், பாலத்தின் கிழக்கு முனையில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். 'டிங்லி மக்களின் ஒருமனதான தீர்மானத்தால் கட்டப்பட்டது, 1870' என்று அதில் வெட்டியிருக்கிறது. அதில் பொய் எதுவும் இல்லை. தீர்மானம் ஒருமனதாகத்தான் நிறைவேறியது; ஊர் எழுத்தரின் குறிப்பேட்டில் இருக்கிறது. அந்த மனங்கள் எல்லாம் ஒன்றாவதற்குப் பதினேழு வருஷமும், ஒரு மிக நீண்ட பேச்சும், வீசல் ஆறும், அடியேனும் தேவைப்பட்டோம் என்பது மட்டும் கல்லில் இடம் போதாமல் விட்டுப்போயிற்று.

அந்தப் பேச்சைப் பேசியவர் டாக்டர் ஆல்வா பெட்டிங்கில். 1846இல் டெபோரா என்ற பெண்குதிரையின் மேல், இரண்டு தோல்பைகளோடு எங்கள் ஊருக்கு வந்தவர். மருத்துவக் கல்லூரியில் இரண்டு பருவம் பாடம் கேட்டிருந்தார். இரண்டாம் பருவத்தில் நடத்தியதும் முதல் பருவத்துப் பாடங்களேதான். அந்த நாளில் அதுவே வழக்கம். ஆகவே அவருக்குத் தெரிந்தது கொஞ்சம் என்றாலும், அந்தக் கொஞ்சம் நன்றாகத் தெரியும்.

அப்போது எங்கள் வெர்மான்ட் மாநிலத்து மலைகளில் வைத்தியம் வெகு சுறுசுறுப்பாக நடந்துகொண்டிருந்தது. பக்கத்து ஊர் டாக்டர்கள் காய்ச்சல் என்றால் கையைக் கீறி ரத்தம் எடுத்தார்கள். குறையாவிட்டால் இன்னும் கொஞ்சம் எடுத்தார்கள். பல் எல்லாம் ஆடும் அளவுக்குப் பாதரசப் பொடி கொடுத்தார்கள். பெட்டிங்கில் மட்டும் சோம்பேறி என்று பெயர் வாங்கினார். வருவார். கோட்டைக் கழற்றி மாட்டுவார். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு நாடியைப் பிடித்துக்கொண்டு, நோயாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் ஆப்பிள் பை, அதாவது ஆப்பிளை மாவுக்குள் வைத்துச் சுட்ட பலகாரம், இருக்கிறதா என்று விசாரிப்பார். இருந்தால் சாப்பிடுவார். "பொறுத்துப் பாப்போம்" என்பார். விடியும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பார். ஒரு மனிதர் இத்தனை அக்கறையோடு பார்த்துக்கொண்டிருக்கும்போது செத்துப்போக எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும், பெரும்பாலோர் பிழைத்தார்கள். பிழைத்ததும், "அந்தாளு என்னத்தப் பண்ணாரு? சும்மாதானே உக்காந்திருந்தாரு" என்றார்கள்.

அவருடைய பெரிய மருந்து ஒன்று உண்டு. கூப்பிட்டால் வருவார். பனி இடுப்பளவு விழுந்தாலும் வருவார், போன தடவை அவரைத் திட்டியவன் கூப்பிட்டாலும் வருவார். இந்த மருந்து இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதாகத் தெரியவில்லை.

வீசல் ஆறு அந்த ஒரு மருந்துக்கும் இடைஞ்சலாக வந்து சேர்ந்தது.

டிங்லியை அது இரண்டாக வெட்டிக்கொண்டு ஓடுகிறது. தேவாலயம், கடை, கூட்ட மண்டபம், டாக்டர் வீடு எல்லாம் இக்கரை. மீதி ஊர் அக்கரை, நாங்கள் அக்கரைக்காரர்கள். கோடையில் முழங்கால் நீரில் வண்டியே இறங்கிக் கடக்கும். குளிர்காலத்தில் ஆறு உறைந்து கல்லாகிவிடும். மேலேயே சறுக்கு வண்டி ஓட்டலாம். பனி உருகும் அந்த நாலைந்து வாரம்தான் தொல்லை. வீடு அளவுக்குப் பனிப்பாளங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வரும். படகு போகாது, குதிரை போகாது. அந்த நாளில் அக்கரையில் நோய் வந்தால் வைத்தியம் வாயால்தான்.

டாக்டருக்குக் குரல் கிடையாது. பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். கடவுள் அதைக் கவனித்து அவருக்கு ஃபிலூராவை மனைவியாகக் கொடுத்திருந்தார். ஃபிலூரா அம்மையார் சமையலறையில் நின்று "டாக்டரே, சாப்பாடு!" என்று கூப்பிட்டால் மூன்று பண்ணைகளில் வேலைக்காரர்கள் கலப்பையை விட்டுவிட்டு நடப்பார்கள். இருவரும் கரையில் வந்து நிற்பார்கள். டாக்டர் முணுமுணுப்பார், அம்மையார் முழங்குவார்.

"டாக்டர் கேக்கறாரு, ஹைரம் எத்தன தடவை வெளிக்குப் போனாரு?"

அக்கரையிலிருந்து ஹைரமின் அண்ணன் கத்துவான்: "ஒம்போது!"

"தண்ணியாவா?"

"தண்ணியாத்தான்!"

இக்கரையில் லாடம் அடித்துக்கொண்டிருக்கும் கொல்லர் தலை தூக்காமலே சொல்வார்: "நேத்து பன்னெண்டு. தேவலயே."

இப்படியாக அக்கரையில் யார் குடல் எந்த நிலையில் இருக்கிறது என்பது இக்கரையில் தொட்டில் குழந்தைக்கும் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஹைரம் வந்து உட்கார்ந்தால் எல்லாரும் அன்போடு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

1852 ஏப்ரலில் வாயால் முடியாத ஒன்று வந்தது. அக்கரையில் ஆற்றை ஒட்டிய முதல் வீடு ஜோதம் பீட் என்பவருடையது. அவருடைய மனைவி லோவினா, இருபத்து மூன்று வயது, தலைப்பிரசவம். இரண்டு நாள் ஆகியும் குழந்தை வரவில்லை. ஜோதம் அக்கரையில் நின்று கத்தினார். டாக்டர் இக்கரையில் நின்று, மனைவியின் குரலில், தெரிந்ததையெல்லாம் சொன்னார். இடையில் ஒருமுறை பனிப்பாளத்தின்மேல் இறங்கி நாலடி நடந்து, இடுப்புவரை மூழ்கினார்; கொல்லர் கழியை நீட்டி அவரைக் கரையில் இழுத்துப் போட்டார். சாயங்காலம் ஜோதம் கத்துவதை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றினார். வீட்டுக்குள் போனார். அவ்வளவுதான்.

அந்த ஜோதம் பீட் என் அப்பா. லோவினா என் அம்மா அல்ல. அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்த மார்ச் ஊர்க்கூட்டத்தில், 'வீசல் ஆற்றுக்கு ஊர்ச் செலவில் பாலம் கட்டுவது' என்று டாக்டர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அதை எதிர்த்து முதலில் எழுந்தவர் என் அப்பா.

இங்கே எங்கள் ஊர்ப் புத்திசாலித்தனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஊர்க்கூட்டம் மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமைதான் நடக்கும். அது முன்னோர் வைத்தது, மாற்றுவதற்கில்லை. மார்ச் முதல் செவ்வாயில் வீசல் ஆறு இரண்டடிக் கனத்துக்கு உறைந்து கிடக்கும். ஆகவே பாலம் மிகமிகத் தேவைப்படுகிறவர்கள், பாலம் வேண்டாம் என்று ஓட்டுப் போட, ஆற்றின் மேலேயே மணி கட்டிய சறுக்கு வண்டிகளில் ஜம்மென்று வந்து இறங்குவார்கள். அப்பா எழுந்து வருஷா வருஷம் ஒரே பேச்சுதான் பேசுவார்.

"நாங்க வந்த வழியில ஆண்டவரே பாலம் போட்டு வெச்சிருக்காரு. வரியும் கேக்கல. அவரவிட நல்லாக் கட்டறவங்க இருந்தாச் சொல்லுங்க."

கைதட்டல். ஓட்டு. முதல் வருஷம் பாலத்துக்கு ஆதரவாக விழுந்தது ஒன்று, அது டாக்டருடையது. அடுத்த வருஷம் மூன்று. இப்படியே வருஷத்துக்கு மூன்று, நாலு என்று, யாருக்காவது எதற்காவது ஏப்ரலில் டாக்டர் தேவைப்பட்டுக் கிடைக்காமல் போனபோதெல்லாம், ஏறிக்கொண்டே வந்தது. அப்பாவின் பேச்சு மட்டும் மாறவில்லை. வரிக்குப் பயந்த கஞ்சன் என்று ஊர் சொன்னது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இதற்கிடையில் டாக்டர் அரசியல்வாதியும் ஆனார். அது அவருடைய குற்றமல்ல. எங்கள் மாநிலத்தில் ஊருக்கு ஓர் ஆள் சட்டசபைக்கு அனுப்ப வேண்டும். சபை கூடுவதோ அக்டோபரில். அக்டோபரில் எல்லாருக்கும் ஆப்பிள் பறிக்கிற வேலை. தோட்டம் இல்லாத ஆண்பிள்ளை ஊரில் இருவர்தான்: போதகர், டாக்டர். போதகரை அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை யார் திட்டுவது? டாக்டரை அனுப்பினார்கள்.

தலைநகர் மான்ட்பீலியரில் ஒன்பது அக்டோபர் உட்கார்ந்தார். பேசியது ஒரே முறை: முன் வரிசையில் மயங்கி விழுந்த உறுப்பினரைச் சுற்றி நின்றவர்களைக் கொஞ்சம் விலகச் சொன்னது. அதுவும் யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் நாடி பிடிப்பதுபோல அந்தச் சபையையும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல்கள் எழுந்து, ஒரு மசோதா சாகவேண்டும் என்றால் எதிர்த்து ஓட்டுப் போடாமல், சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அதைப் புகழ்ந்து பேசிக்கொண்டே இருப்பதைக் கவனித்தார். வீட்டுக்கு வந்து ஃபிலூராவிடம் சொன்னாராம்: "அங்கயும் நம்ம வைத்தியந்தான். ஆனா கெட்ட காரியத்துக்குப் பண்றாங்க."

1869 வந்தது. அப்பா இதற்குள் மறுமணம் செய்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. என் அம்மா அஸூபாவுக்கு முப்பத்தெட்டு வயது. யாரும் எதிர்பாராத நேரத்தில் வயிற்றில் நான். மார்ச் நடுவில் பிரசவம் என்று கணக்கு. பனி உடைவது ஏப்ரலில்தான். கவலை இல்லை என்று அப்பா எல்லாரிடமும் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

அந்தக் குளிர்காலம் சரியாக இல்லை. பனி குறைவு. பிப்ரவரி கடைசியில் தெற்கே இருந்து காற்று. மூன்று நாள் வெதுவெதுப்பான மழை. மேப்பிள் மரங்களில் பால் முன்கூட்டியே சொட்டத் தொடங்கிவிட்டது. டாக்டரிடம் ஒரு சின்ன நோட்டு இருந்தது. பதினேழு வருஷமாக ஆறு எந்தத் தேதியில் உடைந்தது, அதற்கு முன் என்ன காற்று, எத்தனை நாள் மழை, அப்போது அக்கரையில் யாருக்கு என்ன நோய் என்று குறித்து வைத்திருந்தார். திங்கட்கிழமை காலையில் ஃபிலூரா அம்மையார் ஒரு கைப்பையும் பின்னல் ஊசியுமாக ஆற்றைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். மெத்தை விரிப்புக்கு ஒரு புதுக் கோலம் பார்த்துப்போக வந்ததாகச் சொன்னார். அம்மாவிடம் அப்படி எந்தக் கோலமும் இல்லை. இருந்தாலும் அம்மையார் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"எப்பப் போவீங்க?" என்று அப்பா கேட்டார்.

"ஏன், உன் வீட்டு ரொட்டி தீந்துபோச்சா?" என்றார் அம்மையார். 

செவ்வாய்க்கிழமை. அக்கரையிலிருந்து முப்பத்தோரு ஆண்கள் வந்தார்கள். பனியின்மேல் விரலளவு தண்ணீர் நின்றது. குதிரைகள் முகம் சுளித்தன. மண்டபத்தில் கணப்பு அனல் வீசியது. காலையில் சில்லறைத் தீர்மானங்கள். மத்தியானம் தேவாலயப் பெண்கள் பன்றிக்கொழுப்பு போட்டு வேகவைத்த பீன்ஸும், கறுப்பு ரொட்டியும், பதினாலு விதப் பையும் பரிமாறினார்கள். சாப்பிட்டு எல்லாரும் கனத்து உட்கார்ந்தபோது, கூட்டத் தலைவர் மூப்பர் ஜீனஸ் பன்னிரண்டாம் தீர்மானத்தைப் படித்தார். பாலம். அதற்குப் பின்னால் பதின்மூன்றாவதாக ஒன்றே ஒன்று பாக்கி: பன்றிகளைத் தெருவில் அவிழ்த்து விடலாமா கூடாதா. அதற்காகத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள்.

டாக்டர் எழுந்தார். வழக்கமாக மூன்று நிமிஷம் முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். இந்தத் தடவை மேடைக்கே போனார்; அவர் முணுமுணுத்ததை முன் வரிசைக்காரர்கள் பின் வரிசைக்குக் கடத்தினார்கள்.

"மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். ஆறு இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள உடையும். அக்கரைக்காரங்க இப்பவே கெளம்பினா வீடு போய்ச் சேரலாம்."

அப்பா பின் வரிசையிலிருந்து குரல் கொடுத்தார். "நாங்க போயிட்டா, மிச்ச பேரு பாலத்துக்கு ஓட்டுப் போட்டுடுவீங்க. நல்ல தந்திரம்தான் டாக்டரே. மான்ட்பீலியர்ல கத்துக்கிட்டதா?"

மண்டபம் கூரை அதிரச் சிரித்தது. போன வருஷம் பாலத்துக்கு நாற்பத்தெட்டு, எதிராக ஐம்பத்தொன்று. மூன்றே ஓட்டு வித்தியாசம். நாலு பேர் எழுந்து போனால் கதை முடிந்தது. ஆகவே அக்கரைக்காரர் ஒருவரும் அசையவில்லை. அக்கரைக்காரர் அசையாததால் இக்கரைக்காரரும் அசையவில்லை.

"சரி," என்றார் டாக்டர், "அப்ப நிதானமாவே பேசலாம்."

பேசினார். நோவாவின் வெள்ளத்திலிருந்து தொடங்கினார். ரோமாபுரியில் கல் பாலம் எப்படிக் கட்டினார்கள் என்று சொன்னார். அது முக்கால் மணி நேரம். பிறகு சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். பதினேழு வருஷத்தில் ஆற்றுக்குக் குறுக்கே தான் பார்த்த ஒவ்வொரு நோயாளியையும் தேதி வாரியாகப் படிக்கலானார்.

"ஐம்பத்தஞ்சு, ஏப்ரல் எட்டு. ஹைரம். பன்னெண்டு தடவை."

"டாக்டரே, அது முடிஞ்ச கதை!" என்று ஹைரம் கெஞ்சினார்.

"ஏப்ரல் ஒம்போது. ஹைரம். பன்னெண்டு."

மூப்பர் ஜீனஸ் சுத்தியலைத் தட்டி, "டாக்டர், இன்னும் எவ்வளவு இருக்கு?" என்றார்.

"விதியில நேரம் குறிச்சிருக்கா மூப்பரே?"

மூப்பர் புத்தகத்தைப் புரட்டினார். நேரம் குறித்திருக்கவில்லை. எங்கள் முன்னோருக்கு, ஓர் ஆண்பிள்ளை டிங்லியில் மூன்று நிமிஷத்துக்கு மேல் பேசுவான் என்பது தோன்றவே இல்லை.

"அப்ப தொடருங்க," என்றார் மூப்பர், கண்ணை மூடிக்கொண்டார்.

பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டே போனார். ஒன்றை மட்டும் படிக்கவில்லை. ஐம்பத்திரண்டு ஏப்ரல் அந்த நோட்டின் முதல் பக்கம். அதைப் புரட்டித் தள்ளிவிட்டு இரண்டாம் பக்கத்திலிருந்துதான் ஆரம்பித்திருந்தார். அதைக் கவனித்த ஒரே ஆள் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் சிரிப்பதை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது.

நாலு மணி இருக்கும். டாக்டர் அறுபத்தாறாம் வருஷத்து அம்மை நோய்க்கு வந்திருந்தார். வெளியே பீரங்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு மலையே இடம் மாறுவதுபோல நீண்ட ஓர் உறுமல்.

மண்டபம் கரைக்கு ஓடியது. ஆறு போய்க்கொண்டிருந்தது. கறுப்புத் தண்ணீர், வெள்ளைப் பாளங்கள், நடுவில் யாருடையதோ ஒரு சறுக்கு வண்டி சவாரி இல்லாமல் தெற்கு நோக்கிப் பயணம். அக்கரைக்காரர் முப்பத்தோரு பேரும் கரையில் வரிசையாக நின்று தங்கள் மாடுகளைப் பார்த்தார்கள். மாடுகள் அந்தப் பக்கம்.

எங்கள் வீட்டு வாசல் கதவு திறந்தது. ஃபிலூரா அம்மையார் கைகளைத் துடைத்துக்கொண்டு கரைக்கு வந்தார். ஆற்றின் உறுமலுக்கு மேல் அவர் குரல் வந்தது.

"டாக்டரே! அஸூபாவுக்கு வலி எடுத்து ரெண்டு மணி நேரமாச்சு!"

 அப்பா தண்ணீரை நோக்கி நடந்தார். கொல்லர் இடுப்புவாரைப் பிடித்து நிறுத்தினார்.

"விடுய்யா!"

"ஏற்கெனவே ஒருத்தர இந்த எடத்துலதான் இழுத்துப் போட்டேன். அவரு ஒல்லி. உன்ன இழுக்க என்னால முடியாது."

டாக்டர் பக்கத்தில் வந்து நின்றார். ஏதோ முணுமுணுத்தார். அக்கரைக்குக் கேட்கவில்லை, அவருடைய குரல் இப்போது அந்தக் கரையில் அல்லவா இருந்தது. மறுபடி முயன்றார். ஒன்றும் போய்ச் சேரவில்லை.

"ஜோதம்," என்றார், "நான் சொல்றத நீ கத்து."

இவ்விதமாக என் அப்பா, பிரசவம் என்ற சொல்லையே ஆண்கள் நடுவில் உச்சரிக்காதவர், வீட்டில் மேசைக்குக்கூடக் கால் என்று சொல்லத் தயங்குகிறவர், தொண்ணூற்றொன்பது வாக்காளர்களின் முன்னால் கையைக் குவித்துக் கத்தினார்.

"தலை எறங்கிடுச்சான்னு கேக்கறாரு!"

"தலை இல்ல! காலு!"

தொண்ணூற்றொன்பது வாக்காளர்களும் நாகரிகம் கருதி ஆற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். காதை மட்டும் யாரும் மூடிக்கொள்ளவில்லை.

"ரெண்டு காலா, ஒண்ணா?"

"ரெண்டு! நான் என்ன பண்ணட்டும்? இழுக்கட்டுமா?"

அப்பா டாக்டரின் கையைப் பிடித்தார். "இழுக்கச் சொல்லுங்க டாக்டரே. சீக்கிரம் வரட்டும். இழுக்கச் சொல்லுங்க."

"வேணாம்."

"அன்னிக்கு..."

"அன்னிக்கு அந்தப் பக்கம் யாரோ பயந்து இழுத்தாங்க ஜோதம். நான் வேணாம்னு கத்தச் சொன்னேன். காத்து எதிர்ல. கேக்கல." டாக்டரின் குரல் அப்பாவுக்கு மட்டும்தான் எட்டியது. "இப்பக் காத்து நம்ம பக்கம். நீ கத்து. தொடாதே, தானா வரட்டும்னு கத்து."

அப்பா கத்தினார். மூன்று முறை கத்தினார். "தொடாதீங்க! தானா வரட்டும்! பொறுத்துப் பாருங்க!"

அம்மையார் கையைத் தூக்கிக் காட்டினார்: கேட்டது. உள்ளே ஓடினார்.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அதாவது டாக்டர் பெட்டிங்கில் எந்த வேலையில் தேர்ந்தவரோ அதுதான் பாக்கி. வில்லோ மரத்தடியில் ஒரு கட்டையின்மேல் உட்கார்ந்தார். அப்பாவையும் உட்கார வைத்தார். மணிக்கட்டில் விரலை வைத்து அப்பாவின் நாடியைப் பிடித்துக்கொண்டு, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒரு பெண் பை கொண்டுவந்து கொடுத்தாள். சாப்பிட்டார்.

"அன்னிக்கு நீங்க எங்க நின்னீங்க?" என்று அப்பா கேட்டார்.

"இங்கதான். இந்த மரத்துக்குப் பக்கத்துல."

"அந்தப் பக்கத்துலேருந்து பாத்தா நீங்க சும்மா நிக்கற மாதிரி இருந்துச்சு."

"ஆமா. பாக்க அப்படித்தான் இருக்கும்."

 பதினேழு வருஷம் ஊர்க்கூட்டத்தில் சொல்லாததை அப்பா அங்கே சொன்னார். "பாலம் கட்டினா, அவ பொழைச்சிருப்பான்னு ஆயிடும் டாக்டரே. அதை நெனச்சுக்கிட்டுத் தெனமும் எப்படி நான் அதுமேல நடப்பேன்?"

டாக்டர் நாடியிலிருந்து விரலை எடுக்கவில்லை. 

மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. அம்மையார் வாசலிலேயே நின்று கத்தினார். ஆறு அதைக் கேட்டு அடங்கியிருக்க வேண்டும்.

"பையன்! அவளும் நல்லா இருக்கா! பையன் காலை நீட்டிக்கிட்டுத் தலைகீழாத்தான் வந்தான், அப்பன மாதிரி எல்லாத்துக்கும் எதிர்ப்பு!"

அந்தக் கரையில் எழுந்த கூச்சல் போல் டிங்லியில் அதற்கு முன்னும் பின்னும் எழுந்ததில்லை. அப்பா டாக்டரின் தோளில் முகத்தை வைத்து அழுதார். டாக்டர் கையில் பை இருந்தது, சட்டையெல்லாம் ஆப்பிள்.

கூச்சல் ஓய்ந்ததும் மூப்பர் ஜீனஸ் தொண்டையைக் கனைத்தார். சட்டத்தை விட்டுக் கொடுக்காத மனிதர்.

"கூட்டம் இன்னும் கலையல. பன்னெண்டாம் தீர்மானம் பாக்கி இருக்கு. டாக்டர், பேச்ச முடிச்சுட்டீங்களா?"

"இல்ல மூப்பரே. அறுபத்தாறாம் வருஷத்துலதான் நிக்குது. பின்னால தொடர அனுமதி வேணும்."

"அனுமதி உண்டு. எழுதிக்குங்க." ஊர் எழுத்தர் எழுதிக்கொண்டார். "பாலம் வேணுங்கறவங்க வில்லோ மரத்துப் பக்கம். வேணாங்கறவங்க கொல்லர் பட்டறைப் பக்கம். நடங்க."

அப்பா ஏற்கெனவே வில்லோ மரத்தடியில்தான் இருந்தார். அவர் எழுந்து நின்றார், நகரவில்லை. அதைப் பார்த்துவிட்டு அக்கரைக்காரர் முப்பது பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். மாடு கறக்கிற நேரம் தாண்டியிருந்தது. அதுவும் அவர்களுடைய சிந்தனைக்கு உதவியது. பிறகு இக்கரைக்காரர்கள். கடைசியில் பட்டறைப் பக்கம் நின்றவர் கொல்லர் மட்டும். "என்னய்யா, நீ எதிர்ப்பா?" என்று கேட்டார்கள். "நான் என் பட்டறை வாசல்ல நிக்கறேன்யா, அதுக்கும் ஓட்டா?" என்று அவரும் ஓடிவந்தார். ஒருமனதாக.

பன்றிகளைப் பற்றிப் பேச அன்று யாருக்கும் தெம்பில்லை. அவை இன்றுவரை தெருவில்தான் திரிகின்றன.

அக்கரை ஆண்கள் ஆறு நாள் இக்கரையில் அடைந்து கிடந்தார்கள்; ஊர் அவர்களுக்குப் பீன்ஸ் போட்டது. அக்கரையில் அந்த ஆறு நாளும் பெண்கள் மாடு கறந்து, மேப்பிள் பாகு காய்ச்சி, விரும்பிய நேரத்தில் சாப்பிட்டார்கள். அப்படி ஓர் அமைதியைத் தான் கண்டதே இல்லை என்று அம்மா சொல்வார். ஏழாம் நாள் அப்பா படகில் வந்து என்னைப் பார்த்தார். என் பெயர் ஆல்வா என்று அப்போது முடிவாயிற்று. அதற்குள் ஃபிலூரா அம்மையார் அந்தப் பெயரிலேயே என்னைக் கூப்பிட்டுப் பழக்கியிருந்தார். அந்தக் குரலில் கூப்பிட்டபின் எந்தக் குழந்தையும் வேறு பெயருக்குத் திரும்பாது.

மறு வருஷம் பாலம் வந்தது. மரத்தாலானது, கூரை போட்டது. அப்பா கூலி வாங்காமல் இரண்டு கோடை உத்திரம் செதுக்கினார். அது கட்டி முடிந்தபின் தினமும் அதன்மேல் நடந்தார். முதல் சில மாதம் வேகமாக நடந்தார் என்பார்கள். பிறகு எல்லாரையும்போல நடுவில் நின்று தண்ணீரைப் பார்க்கவும் பழகிவிட்டார்.

டாக்டர் இருபத்திரண்டு வருஷம் அந்தப் பாலத்தைக் கடந்தார். ஏப்ரலில் அதன் பலகையில் கிழட்டு டெபோராவின் குளம்படி கேட்டால் அக்கரையில் காய்ச்சல்காரர்கள் எழுந்து உட்காருவார்கள். டெபோராவுக்குப் பின் வந்த குதிரைகளுக்கும் அந்த மரியாதை இருந்தது. எனக்கே அம்மை, கக்குவான், கை முறிவு என்று பதினொரு முறை வந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் என்ன செய்தார் என்று யோசித்துப் பார்க்கிறேன். உட்கார்ந்திருந்தார். இப்போது ரயிலேறிப் போய்ப் பார்க்கும் டாக்டர்கள் எனக்கு எத்தனையோ செய்கிறார்கள், ஒருவரும் உட்காருவதில்லை.

ஆற்றுக்கு இரு கரையிலும் அவருக்கு நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைந்திருந்தோம். எங்கள் ஊரில் அதை வாயால் சொல்கிற வழக்கம் இல்லை. பை செய்து கொடுப்போம். எண்பது வயதில் அவர் இறந்தபோது வீட்டில் பதினேழு பை இருந்ததாக ஃபிலூரா அம்மையார் சொன்னார். அன்று அவர் மெல்லத்தான் சொன்னார். பக்கத்தில் நின்றவர்களுக்கே பாதிதான் கேட்டது.

ஒன்று மட்டும் பாக்கி. ஊர் எழுத்தரின் குறிப்பேட்டில் 1869 மார்ச் இரண்டாம் தேதிக்குக் கீழே, 'டாக்டர் பெட்டிங்கில் தம் பேச்சைப் பின்னர் தொடர அனுமதி பெற்றார்' என்று இருக்கிறது. தொடர்ந்ததாகவோ முடித்ததாகவோ பதிவில்லை. விதிப்படி மேடை இன்னும் அவருடையது. அதனால் மூப்பர் ஜீனஸ் அடுத்த வருஷக் கூட்டத்தைத் தொடங்குமுன், "டாக்டர், தொடர்கிறீர்களா?" என்று கேட்டார். "இப்போதைக்கு இல்ல மூப்பரே," என்றார் டாக்டர். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. அது வழக்கமாகிவிட்டது. அவர் இறந்த பிறகு கேட்பதை நிறுத்தலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அதை வழிமொழிய ஆள் இல்லை.

இந்த மார்ச்சில் கேட்கும் முறை எனக்கு வந்தது. ஊர்க்கூட்டத் தலைவர் நான்தான். எழுந்து நின்று, "டாக்டர் பெட்டிங்கில், தொடர்கிறீர்களா?" என்று கேட்டேன். எல்லாரும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கம்போலக் கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தோம். பாலத்துப் பலகை மட்டும் கடகடத்தது. அக்கரைக்காரன் எவனோ, எப்போதும்போலத் தாமதமாக வந்துகொண்டிருந்தான்.